பெயரும் பெயரனும்: காவிரி நாட்டு ஆண்பெயர்கள்

திருவையாற்றை அடுத்த திங்களூரில் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசரை நேரில் காணும் முன்பே அவர்பால் பேரன்பு பூண்டவர். தம் மூத்த மகனுக்கு மூத்த திருநாவுக்கரசு என்றும், அடுத்தவனுக்கு இளைய திருநாவுக்கரசு என்றும் பெயரிட்டார். அத்துடன் அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. வீட்டிலிருந்த அளவைகளுக்கும் நிறைகோலுக்கும், தொழுவத்து ஆவுக்கும் எருமைக்கும் அப்பெயரையே சூட்டினார் என்று சேக்கிழார் கூறுகிறார். வழிப்போக்கர் நீர் அருந்த அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலிலும் அப்பெயரே எழுதப்பட்டிருந்தது. அவ்வழியே வந்த நாவுக்கரசர் பந்தலைக் கண்டு, அமைத்தவர் தம் பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று வினவினார். வந்தவர் யார் என்று அறியாத அப்பூதியாருக்கு அக்கேள்வி கடுஞ்சினத்தை மூட்டியது.

இது வெறும் புராணச் செய்தி அன்று. நாவுக்கரசரே தம் திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியின் பெயரைக் குறித்திருக்கிறார். ஆதலின் அப்பூதியார் வரலாற்று மாந்தர் என்பதில் ஐயமில்லை. மகனுக்கும் மாட்டுக்கும் ஒரே பெயரை வைத்த ஒருவரைத் தமிழ்ச் சைவம் நாயன்மாராகப் போற்றியது. இன்று பெற்ற பிள்ளையின் பெயரை எருமைக்கு வைத்தால் வீட்டில் பூசல் எழும். ஒரு பெயர் மதிப்புடையதா, நகைப்புக்குரியதா என்பது அப்பெயரின் ஒலியைப் பொறுத்ததன்று; அதை யார், எந்த நெஞ்சோடு, யாருக்கு இட்டார் என்பதைப் பொறுத்தது. காவிரி நாட்டு ஆண்பெயர்களின் நெடிய வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கிறது.

மாந்தரும் விலங்கும்

மாந்தர் பெயரும் விலங்கின் பெயரும் ஒன்றாயிருப்பது அப்பூதியாருக்கு முன்பே தமிழ்நாடு அறிந்த செய்தி. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. அவனோடு பொருத வல்வில் ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. சிறுபாணாற்றுப்படை இவ்விரண்டையும் பதிவு செய்துள்ளது. தலைவனும் அவன் ஊர்ந்த குதிரையும் ஒரு பெயரால் வழங்கப்பட்டதை அக்காலப் புலவர் இழிவாகக் கருதவில்லை.

காரி என்பது கருநிறம் பற்றிய பெயர். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுகள் நிறத்தாலும் மறுவாலும் அடையாளம் காட்டப்படுகின்றன. அவ்வழக்கு காவிரிப் படுகையின் உழவரிடம் அண்மைக் காலம் வரை உயிரோடிருந்தது. மயிலை, செவலை, காரி, வெள்ளை, புல்லை என நிறத்தால் பெயர் பெற்ற காளைகள் நஞ்சைச் சேற்றில் உழுதன. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உம்பளச்சேரி இனத்துக் கன்றுகள் செந்நிறமாய்ப் பிறந்து, சில திங்களில் சாம்பல் நிறம் கொள்பவை. எனவே செவலை என்று அழைக்கப்பட்ட கன்று, நுகம் பூணும் வயதில் மயிலையாய் நிற்கும். பெயர் மட்டும் பிறந்த நாளின் நினைவாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

நாய்க்குப் பெயர் இடுவதில் வேறொரு வழக்கம் உண்டு. சுப்பிரமணியன் சுருங்கி மணியானான். அதே மணி தெருநாய்க்கும் பெயராயிற்று. ஒரே தெருவில் மணி என்று ஒருவர் குரல் கொடுக்க, திண்ணையில் இருப்பவரும் வாசலில் படுத்திருப்பதும் ஒருங்கே தலைநிமிர்வது ஊர்ப்புறத்தில் பழகிய காட்சி. அதனால் மணி என்ற பெயருடைய எவரும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

பேரன் என்னும் சொல்

தமிழில் பேரன் என்னும் சொல்லே பெயரிடும் முறையின் வரலாற்றைச் சொல்கிறது. பெயரன் என்பதன் மரூஉ அது. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது பொருள். கலித்தொகையிலேயே இச்சொல் இப்பொருளில் வருகிறது. பாட்டன் பெயர் பேரனுக்கு, அவன் பெயர் அவன் பேரனுக்கு என ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக இரு பெயர்கள் மாறி மாறி ஒரு குடியில் ஓடும். சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டப்பெயர்களை ஒருவர் விட்டு ஒருவராகத் தாங்கியதும் இம்முறையை ஒத்தது.

இம்முறையால் வீட்டில் ஓர் இடர் எழுந்தது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லலாகாது என்பது பழைய ஒழுக்கம். பெற்ற பிள்ளைக்கோ மாமனார் பெயர். அவனை எப்படிக் கூப்பிடுவது? அங்கே வீட்டுப் பெயர் தோன்றியது. அம்பி, ராசா, சின்னத்தம்பி, துரை என்று எத்தனையோ பெயர்கள் இவ்வாறு வந்தன. ஏட்டில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக ஒருவனுக்கு இரு பெயர்கள் வாய்த்தன.

வீட்டுப் பெயர் நாட்டுப் பெயராகிய நிகழ்ச்சியும் உண்டு. 1855இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். வேறு பெயர் உண்டோ என்று ஆசிரியர் ஒருநாள் கேட்டார். வீட்டில் சாமா என்று அழைப்பார்கள் என்றும், சாமிநாதன் என்பதே அவ்வாறு சுருங்கியது என்றும் மாணாக்கர் விடையிறுத்தார். சுவாமிமலை முருகனின் அப்பெயர் ஆசிரியருக்கு உவப்பாயிற்று. அன்று முதல் அவர் சாமிநாதன் ஆனார். சங்க நூல்களைச் செல்லரித்த சுவடிகளிலிருந்து மீட்ட உ.வே. சாமிநாதையரின் பெயர் இவ்வாறு ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுத்த வீட்டுப் பெயராகும்.

கல்லில் நின்ற பெயர்கள்

சங்கப் புலவர் பெயர்களில் காவிரி நாட்டுக்குரிய ஒன்று முல்லைப்பாட்டின் ஆசிரியர் பெயர்: காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தந்தையின் தொழில், தன் பெயர் மூன்றும் ஒரே தொடரில் அடங்குகின்றன. பூதன், சாத்தன், கீரன், ஆதன், கொற்றன் என்பன அந்நாளின் இயல்பான ஆண்பெயர்கள். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை அரசர் பெயர்கள் என்று கொள்ளச் சான்றில்லை. பானையை உடையவர்களின் பெயர்களாகலாம். பூதன் என்ற பெயரை இன்று ஒரு பிள்ளைக்கு இட எவரும் துணியார்; பேயும் பூதமும் நினைவுக்கு வந்துவிடும். சாத்தன் மட்டும் சாத்தையன், சாத்தப்பன் என உருமாறி இன்றும் வாழ்கிறான்.

சோழர் காலத்திற்கு வந்தால் பெயர்களின் பெருங்களஞ்சியமே திறக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கி.பி. 1010இல் நிறைவுற்றது. அதன் சுவர்களில் வேந்தனும் அவன் குடும்பத்தாரும் மட்டும் இடம் பெறவில்லை. 400 தளிச்சேரிப் பெண்டுகள், கோயில் விளக்குகளுக்கு நெய் அளக்க ஆடுகளை ஏற்ற இடையர்கள், தச்சர்கள் ஆகியோரின் பெயர்களும் அங்குள்ளன. கோயிலின் பெருந்தச்சன் குஞ்சரமல்லன். வேந்தன் தன் பெயரையே அவனுக்குச் சிறப்பாக அளித்தமையால் குஞ்சரமல்லன் ஆன இராசராசப் பெருந்தச்சன் என்று கல்வெட்டு குறிக்கிறது. கோயில் நிருவாகத்தை நடத்தியவன் ஆதித்தன் சூரியன் ஆன தென்னவன் மூவேந்தவேளான். ஆதித்தன் தந்தை; சூரியன் மகன். தந்தையும் ஞாயிறு, மகனும் ஞாயிறு. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் நிற்கும் இம்முறையே இன்று தலைப்பெழுத்தாகச் சுருங்கி நிற்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி, நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் உருவாக்கிய பெயரடைவு 1978இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆட்சி முறையையும் நிலவுடைமையையும் ஆராய அப்பெயர்கள் அவர்களுக்குப் பயன்பட்டன. ஒருவனுக்கு மூவேந்தவேளான் என்ற பட்டம் உண்டா, பிரமராயன் என்ற பட்டம் உண்டா என்பதிலிருந்து அவன் தகுதியை அறிய முடிந்தது. பெயர் வரலாற்றுக்குரிய ஆவணம் என்பது அவ்வுழைப்பால் உறுதிப்பட்டது.

கல்வெட்டுகளில் நக்கன், காடன், கூத்தன், ஆரூரன், அம்பலவன் போன்ற பெயர்கள் மிகுதி. காடன் என்றால் இன்று நாகரிகம் அறியாதவன் என்று பொருள் கொள்வர். ஆனால் வெண்காட்டு இறைவனின் பெயர் பூண்ட திருவெண்காடரே துறவு பூண்டு பட்டினத்தார் ஆனார் என்பது வழிவழிச் செய்தி. கூத்தன் என்றால் இன்று மேடை நினைவுக்கு வரும். சோழர் மூவருக்கு உலாப் பாடிய ஒட்டக்கூத்தருக்கு அது தில்லையில் ஆடுவோனின் பெயர். அவருக்குக் கொடையாக வந்தது என்று சொல்லப்படும் கூத்தனூர், பூந்தோட்டத்தின் அருகே அப்பெயரைக் காத்து வருகிறது.

ஊர் சொல்லும் பெயர்கள்

ஒரு காலத்தில் காவிரி நாட்டில் ஒருவரின் பெயரைக் கேட்டால் ஊரைக் கேட்க வேண்டியதில்லை. தியாகராசன் என்றால் திருவாரூர். மகாலிங்கம் என்றால் திருவிடைமருதூர். சாரங்கபாணியும் ஆராவமுதனும் குடந்தை. சட்டநாதன் சீகாழி. இராசகோபாலன் மன்னார்குடி. சௌரிராசன் திருக்கண்ணபுரம். அவ்வூரில் பிறந்தவராகவோ, அவ்வூர்த் தெய்வத்திடம் நேர்ந்து பெற்றவராகவோ இருப்பர்.

இவற்றுள் வெளியூராரை மிகவும் மருட்டுவது பஞ்சாபகேசன். பஞ்சாப் மாநிலத்திற்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. ஆபகா என்பது ஆற்றைக் குறிக்கும் வடசொல். ஐந்து ஆறுகளின் இறைவன் பஞ்சாபகேசன். அதாவது திருவையாற்று ஐயாறப்பன். பஞ்சாப் என்பதும் பாரசீகத்தில் ஐந்து நீர் என்றே பொருள்படும். எனவே வேடிக்கையாகக் கேட்ட கேள்வியில் உண்மையும் ஒரு துளி உண்டு.

பெயர்கள் மதங்களின் எல்லையையும் கடந்து உலவின. தஞ்சை மராட்டியரின் முன்னோரான மாலோஜி, தம் மைந்தர் இருவருக்கும் அகமதுநகர் ஷா ஷரீப் என்னும் இசுலாமியப் பெரியவரின் நினைவாகவே ஷாஹாஜி, ஷரீப்ஜி என்று பெயரிட்டார் என்பது மராட்டியர் மரபுரை. அந்த ஷரீப்ஜியே தஞ்சையில் சரபோஜி ஆயிற்று. சரசுவதி மகாலை வளர்த்த இரண்டாம் சரபோஜி (1798–1832) தாங்கியது ஓர் இசுலாமியப் பெரியவரின் பெயரின் திரிபு. வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் பெயரோடு சாமி என்னும் ஈறு சேர்ந்து ஆரோக்கியசாமி பிறந்தார்.

எமனை ஏய்க்கும் பெயர்கள்

மிகுந்த நகைப்புக்கு உள்ளாகும் பழம்பெயர்கள் பிச்சை, குப்பு, மூக்கன், மண்ணாங்கட்டி என்பன. இவற்றின் பின்னே இருப்பது நகைப்பன்று, இழப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன் மடிந்தன. அம்மையும் பேதியும் காய்ச்சலும் வந்த ஆண்டுகளில் காவிரிக் கரை வீடுகளில் தொட்டில்கள் வெறுமையாயின. இரண்டு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பு என்றாள். பிச்சையாகப் பெற்றது என்று பிச்சை என்றாள். ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்றாள். அண்டை வீட்டாரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கிக்கொண்டாள். விலையற்ற பொருளை எமன் நாடான் என்பது அவள் நம்பிக்கை. உன்னைத் தவிட்டுக்கு வாங்கினேன் என்று குழந்தையைச் சீண்டும் சொல் அந்த அச்சத்தின் எச்சம்.

இவ்வச்சம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த இதேயோசிக்கு 1589இல் பிறந்த மகனைச் சுதே என்று அழைத்தனர். கைவிடப்பட்டவன் என்று பொருள். அப்பிள்ளை 1591இல் இறந்தது. 1593இல் பிறந்த அடுத்த மகனுக்கு ஹிரோய் என்று பெயர். பொறுக்கியெடுத்தவன் என்பது பொருள். நாடாண்டவன் மாளிகையிலும் கூலிக்காரன் குடிசையிலும் சாவை ஏய்க்க ஒரே வழியைத்தான் மக்கள் அறிந்திருந்தனர்.

எனவே குப்பு என்னும் பெயர் இழிபெயர் அன்று. பெற்றோர் மறைத்து வைத்த பேரன்பு அது.

குறைக்கப்பட்ட பெயர்கள்

ஆனால் பழம்பெயர்கள் யாவும் அன்பின் விளைவு என்று சொல்லிவிட்டால் அது வரலாறு ஆகாது. இதே காவிரி நாட்டின் பண்ணைகளில் பெயர் ஒரு வேலியாகவும் இருந்தது. நிலமுடையவர் வீட்டில் குப்புசாமி. பண்ணையாள் குடியில் குப்பன். அங்கே கோவிந்தசாமி, இங்கே கோவிந்தன். அங்கே முனுசாமி, இங்கே முனியன். தெய்வம் ஒன்று, நேர்ச்சை ஒன்று. சாமி என்னும் ஈறு மட்டும் சேரிக்குள் செல்லவில்லை. நரைத்த முதியவரை நிலமுடையவர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி, அடா என்று அழைத்தான். அப்பூதியார் மாட்டை மகனுக்கு நிகராக உயர்த்தினார்; பண்ணை முறை மனிதனை மாட்டுக்கு நிகராகத் தாழ்த்தியது.

1940களில் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் இயக்கம் எழுந்தது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு சவுக்கடியையும் சாணிப்பால் தண்டனையையும் ஒழித்தது. நிமிர்ந்து நிற்கவும் முழுப்பெயரால் அழைக்கப்படவும் உரிமை உண்டு என்ற உணர்வு அக்காலத்தில் சேரிகளில் வேரூன்றியது. அவ்வுரிமைக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த 44 பேரின் பெயர்களும் இன்று அவ்வூர் நினைவிடத்தில் கல்லில் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளாக வேந்தர்க்கும் கொடையாளர்க்கும் கோயிலுக்கு உரியோர்க்கும் கல் இடம் தந்த நாட்டில், உழைத்துச் சேற்றில் மறைந்தவர்களின் பெயர்கள் கல்லேறிய இடம் அது. பெரிய கோயில் கல்வெட்டைப் படிப்போர் கீழ்வெண்மணிக் கல்லையும் சேர்த்துப் படித்தாலன்றித் தஞ்சையின் பெயர் வரலாறு முழுமை பெறாது.

மாற்றிய பெயர்கள்

தாமே தம் பெயரை மாற்றிக்கொண்ட தலைமுறையும் இம்மண்ணில் தோன்றியது. நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்த வேதாசலம், 1916இல் மறைமலை ஆனார். வேதம் மறை, அசலம் மலை. பொருள் மாறவில்லை, மொழி மாறியது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. திருக்கண்ணபுரத்தில் பிறந்த நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். திருவாரூர் அருகே காட்டூரில் பிறந்த இராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பின்பற்றி 1940களிலும் 1950களிலும் இளங்கோக்களும் இளமாறன்களும் கதிரவன்களும் பிறந்தனர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் சங்கிலி பல குடும்பங்களில் அங்கே அறுந்தது. அதே வேளையில் குப்பன் மகன் இளஞ்செழியன் ஆன வீடுகளில் வேறொரு சங்கிலியும் அறுந்தது. பெயரைக் கொண்டு சாதியை அளக்க இயலாத நிலையை அம்மாற்றமே தொடங்கி வைத்தது.

இன்று பெயரிடுவோர் எண்கணிதம் பார்க்கின்றனர். எழுத்தைக் கூட்டிக் குறைக்கின்றனர். பல பெயர்களுக்குப் பொருள் இன்னதென்று பெற்றோரே அறியார். அப்பெயர்கள் ஊரையும் சொல்வதில்லை, பாட்டனையும் சொல்வதில்லை. சாதியையும் சொல்வதில்லை என்பது அவற்றின் பக்கம் நிற்கும் நியாயம். அந்நியாயத்தை மறந்து பழம்பெயர் யாவும் மீள வேண்டும் என்று முழங்குவது அறிவுடைமை ஆகாது. குறைக்கப்பட்ட பெயரை எவரும் தம் பேரனுக்கு மீண்டும் இட வேண்டியதில்லை. அது குறைக்கப்பட்டது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

பழம்பெயர் ஒன்று கவிதையின் வாயிலில் நிற்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1900இல் கும்பகோணத்தில் பிறந்த வேங்கடமகாலிங்கம், தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடியாக அறியப்படுவது பிச்சமூர்த்தி என்னும் பெயரால். 1934இல் மணிக்கொடியில் வெளிவந்த ‘காதல்’ என்னும் கவிதை அம்முயற்சியின் தொடக்கம். பிக்ஷு என்ற புனைபெயரிலும் அவர் எழுதினார். அதுவும் பிச்சை ஏற்பவன் என்னும் பொருளுடையதே. வேங்கடமும் மகாலிங்கமும் ஆகிய இரு பெருந்தெய்வங்களின் பெயரைப் பெற்றிருந்தும், இலக்கியத்தில் அவர் நிலைபெற்றது பிச்சை என்னும் எளிய பெயரால். அப்பெயரைக் கேட்டுத் தமிழ்க் கவிஞர் எவரும் நகைத்ததில்லை.

குடும்பக் கணக்கேடுகளிலும் பழைய நிலப் பத்திரங்களிலும் கோயில் உபயக் கல்வெட்டுகளிலும் இப்பெயர்கள் இன்னும் உறங்குகின்றன. அவற்றின் கதை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தத்தம் ஊர்ப் பெயர்களையும் அவை வந்த காரணத்தையும் கேட்டு எழுதிவைத்தல், சொல்லைப் பேணுவோர் செய்யத்தக்க பணி. திங்களூர்ப் பந்தலில் எழுதியிருந்த பெயரைக் கண்டு நாவுக்கரசர் கேட்ட கேள்வி எளியது: இப்பெயரை இங்கு எழுதக் காரணம் என்ன? பழம்பெயர் எதைக் கேட்டாலும், நகைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.